முப்பத்தெட்டே முக்கால் லிட்டர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று அந்த நோட்டு என் கைக்கு வந்தது.

திலகவதி மேடம் பழைய ரிஜிஸ்தர்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி மூன்று வாரமாகிறது. இந்தப் பால் குளிரூட்டும் நிலையத்தில் அவர் மேனேஜர், நான் ஆபரேட்டர். பதினேழு ஊர் பால் சொசைட்டிகளில் இருந்து கேன்கள் இங்கேதான் வருகின்றன. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மூட்டை நோட்டு. கரையான் தின்றது போக மிச்சத்தை நான் தின்றுகொண்டிருக்கிறேன்.

மத்தியானம் எங்கள் ஊர் புங்கவலசு மூட்டையைப் பிரித்தேன். 2019 ஆகஸ்ட் 2. ஆடி வெள்ளி, காலைப் பால். ஐம்பத்தொரு வரி. இருபத்திரண்டாவது வரியில் அப்பா: சென்னியப்பன், 9.10 லிட்டர். முப்பத்து நான்காவது வரியில் அந்த ஆள்: ராக்கியண்ணன், 8.60.

அந்தப் பெயரை எழுதவே கை கூசுகிறது. மாமா, மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் நான். பக்கத்துத் தோட்டம். அவர்கள் வீட்டில் விசேசம் என்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த மனுசன்தான் அன்றைக்குச் சாயங்காலம் சொசைட்டி வாசலில் ஊரே கூடியிருக்க எழுந்து நின்று, "பால்ல சோடா உப்புப் போட்டது சென்னியப்பன்தான், எனக்குத் தெரியும்" என்றார். அப்பாவின் பால் அட்டையை அங்கேயே கிழித்தார்கள். ஒரு மாதத்தில் மூன்று மாடும் சந்தைக்குப் போயின. ஆவணியில் எனக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். கலப்படக்காரன் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டுச் சொன்னார்கள். அப்பா இப்போது கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். ஊரான் கல்யாணத்துக்கெல்லாம் கேட் திறந்துவிடுகிறார்.

ஆறு வருசம். சாப்பிட்ட சோறெல்லாம் செரித்தது, இது மட்டும் செரிக்கவில்லை. இருக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 4, புதன்

அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டேன். மேடம் கவனிக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

சீட்டும் கிடைத்துவிட்டது! அன்றைக்கு எங்கள் நிலையத்தில் கேனைத் திருப்பியதற்கு எழுதிய சீட்டு. வேறொரு மூட்டையில், எலிப் புழுக்கைக்கு நடுவில் கிடந்தது. "புங்கவலசு. ஒரு கேன். 38.75 லிட்டர். சோடா கலப்படம். கொட்டப்பட்டது." கேன் நம்பர் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. எழுதிய மகராசன் யாரோ, அவன் கை விளங்காமல் போக.

சொசைட்டியில் எப்படி என்றால், வரிசையில் நிற்பவர்கள் ஒருவர்பின் ஒருவராக அளந்து ஊற்றுவார்கள். நாற்பது லிட்டர் கேன் நிறைய வந்ததும் மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த கேனை வைப்பார்கள். அன்றைக்கு எட்டு கேன் போயிருக்கிறது. அதில் ஒன்று கெட்டது. அந்தக் கேனில் யார் யார் பால் இருந்தது என்று எவனும் கேட்கவில்லை. ஊர் சொசைட்டியில் லாக்டோமீட்டர் ஒன்றுதான் உண்டு, அது தண்ணீரைக் காட்டும், சோடாவைக் காட்டாது. ராக்கியண்ணன் வாய் ஒன்றே சாட்சியாகப் போதுமாயிருந்தது.

அன்று வரிசை நீளம். அம்மன் கோயில் பூசாரி வேறு அபிசேகத்துக்குப் பால் எடுக்க வந்து நடுவில் நின்றார். எங்கள் கேன் மூடி இறுகிப்போய்த் திறக்கவே வரவில்லை. கமிட்டி மெம்பர் என்று வடிதுணியைப் பிடித்துக்கொண்டு நின்ற ராக்கியண்ணன்தான் வாங்கித் திறந்து கொடுத்தார். இதெல்லாம் அப்பா சொல்லித் தெரிந்தது.

முந்தின நாள் சாயங்காலப் பட்டியலும் அதே நோட்டில் இருக்கிறது. அதில் எங்கள் வீட்டுப் பெயர் இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த விசயத்துக்கு அது தேவையில்லை.

ஜூன் 9, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தே விட்டேன்!

கேன் வரிசையில் எங்கேயோ ஒருவரிடம் தொடங்கி எங்கேயோ ஒருவரிடம் முடிந்திருக்கிறது. நடுவில் யாரையும் தாண்டியிருக்க முடியாது. ஆகவே கேள்வி இதுதான்: அடுத்தடுத்து நிற்கும் எந்தக் கூட்டத்தின் பாலைக் கூட்டினால் 38.75க்கு மிக அருகில் வருகிறது? ஒரு வரியில் தொடங்கி ஒரு வரியில் முடியும் துண்டுகள் ஆயிரத்து முந்நூற்று இருபத்தாறு.

ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்க வைத்தால் கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. கோயமுத்தூர் கம்பெனி ஒன்றின் இன்டர்வியூவுக்காக மூன்று மாதம் உருப்போட்ட வித்தை ஒன்று என்னிடம் இருக்கிறது. வேலை கிடைக்கவில்லை, வித்தை மட்டும் சும்மா கிடந்தது. அந்த ஆளை வீழ்த்துவதென்றால் என் கையிலிருக்கும் நல்ல அரிவாளால்தான் வீழ்த்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

முதலில் ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் அதுவரை சேர்ந்த மொத்தப் பாலை எழுத வேண்டும். எந்தத் துண்டின் பாலும், அதன் கடைசி வரி மொத்தத்தில் இருந்து தொடக்கத்துக்கு முந்தின வரி மொத்தத்தைக் கழித்தால் வந்துவிடும். அப்படியானால் ஒரு தொடக்கத்தை எடுத்து, அதற்கு முந்தின மொத்தத்தோடு 38.75ஐச் சேர்த்து, அந்த எண் பட்டியலில் எங்கே இருக்கிறது என்று தேடினால் போதும். தேடுவதும் வரிவரியாக இல்லை. நேராக நடு வரியைப் பார்க்க வேண்டும். அங்கே மொத்தம் குறைவாக இருந்தால் மேலே உள்ள பாதியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கீழ்ப் பாதிக்குப் போக வேண்டும். அதிகமாக இருந்தால் கீழ்ப் பாதியை எறிய வேண்டும். மறுபடி நடு, மறுபடி பாதி. அகராதியில் சொல் தேடுகிறவர்கள் செய்வதுதான். ஐம்பத்தொரு வரிக்கு ஆறு அடி எடுத்தால் போதும்.

எல்லாத் தொடக்கத்துக்கும் ஓடவிட்டேன். விடை: 31 முதல் 36 வரை. ஆறு பேர். மொத்தம் 38.45. வித்தியாசம் முந்நூறு மில்லி, அது நுரையில் போகும். இதைவிடப் பக்கத்தில் எதுவும் வரவில்லை.

முப்பத்து நான்கு யார்? ராக்கியண்ணன்! தன் கேனில் கெட்ட பாலுக்கு என் அப்பாவைக் காவு கொடுத்திருக்கிறான்.

அந்தத் துண்டில் அப்பா இல்லை. எங்கள் பால் அந்தக் கேனில் விழவே இல்லை. எங்கள் பாலில் என்ன இருந்திருந்தாலும் சரி, அந்தக் கேனைக் கெடுத்தது அது இல்லை. மேஜையில் தலை வைத்து ஒரு பாட்டம் அழுதேன். சந்தோசத்தில்தான். பெருக்க வந்த அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜூன் 10, செவ்வாய்

மேடத்திடம் காகிதத்தை வைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"ஆறு வருசத்துக்கு முந்தினத இப்ப எதுக்கு கோகிலா கிளறிட்டு இருக்கற?"

"என்ற அப்பா பேருங்க மேடம்."

"சரி, ஆறு பேர் இருக்கறாங்க. இவருதான்னு எப்படிச் சொல்ற?"

"மத்த அஞ்சு பேரும் வாயத் தொறக்கலீங்களே. பயந்தவங்கதானுங்க முந்திக்கிட்டு இன்னொருத்தர் பேரச் சொல்லுவாங்க."

மேடம் காகிதத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தார். பிறகு, இந்தத் தேடல் முறை நம்பக்கூடியதுதானா என்று கேட்டார். உலகமே இப்படித்தான் தேடுகிறது என்றேன். அது பொய்யில்லை. பெரிய கம்பெனிகள் இதைக் கேட்டுத்தான் ஆளை எடுக்கிறார்கள். மேடம் கையெழுத்துப் போட்டு சொசைட்டிக்குக் கடிதம் அனுப்பினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். எதற்கு என்று அப்பா கேட்டார். சும்மாதான் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

அப்பாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சாப்பிடவில்லை. மைசூர்பாகைத் தொடவே இல்லை.

ஜூன் 13, வெள்ளி

வேலைக்குப் போவதற்கு முன் சொசைட்டிக்குப் போனேன். எனக்கு அங்கே ஒரு சோலியும் இல்லை. பார்க்கத்தான் போனேன், அதை எழுதுவதில் என்ன வெட்கம்.

ராக்கியண்ணன் வண்டியில் இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு வந்தார். செக்ரட்டரி கதிர்வேல் பேனாவை உருட்டிக்கொண்டே எழுந்தார்.

"மாமா, மேல இருந்து லெட்டர் வந்திருக்குதுங்க. ஞாயித்துக்கெழம கழிச்சு அடுத்த ஞாயிறு கூட்டம். அது முடியற மட்டும் உங்க பால எடுக்கக்கூடாதுங்களாம்."

அவர் கடிதத்தை வாங்கிக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்தார். "இத ஆரு கண்டுபுடிச்சது?"

"நம்ம கோகிலாங்க. கம்ப்யூட்டர்ல."

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. கத்துவார், கையை ஓங்குவார், மானம் ரோசம் என்று குதிப்பார், அப்போது கேட்க நான்கு கேள்வி தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். "செரி" என்று ஒரே வார்த்தை. கேன் மூடியை இறுக்கிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

வரிசையில் நின்றவர்கள், "சோடா ராக்கியண்ணன்" என்று அதற்குள் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஆறு வருசம் "சோடா சென்னியப்பன்" என்றவர்கள்தான். செல்லாத்தா அத்தை, ராக்கியண்ணன் சம்சாரம், பாலைத் தோட்டத்து வாய்க்காலில் ஊற்றிக்கொண்டிருந்ததை பஸ்ஸில் இருந்து பார்த்தேன். வாய்க்கால் வெள்ளையாக ஓடியது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஆனால் அந்த மனுசன் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? செய்தவனுக்குப் பேச வாய் ஏது, அதனால்தான்.

ஜூன் 15, ஞாயிறு

அப்பா பகல் சாப்பாட்டுக்கு மண்டபத்தில் இருந்து வந்தார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"ராக்கியண்ணன உட்ரு கண்ணு."

"உட்றதா? உங்கள ஊர் நடுவுல நிக்க வெச்சு அட்டையக் கிழிச்சவனையா?"

"அட்டையக் கிழிச்சது கதிர்வேலு."

"கிழிக்கச் சொன்னது ஆருங்கப்பா? என்ற நிச்சயம் நின்னு போச்சே, அது ஆருனால?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ரோசம் கெட்டுப்போய்த் திரிகிறீர்கள், உங்களுக்காகத்தானே இவ்வளவும் செய்கிறேன் என்று என்னவெல்லாமோ கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

"அந்தக் கணக்கு தப்பாத்தான் இருக்கும்" என்றார் அப்பா.

"எப்படிச் சொல்றீங்க? உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

சட்டையை மாட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். கணக்குத் தெரியாத மனுசன் தப்பு என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னது ஏன் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பதினொரு மணிக்குக் கதிர்வேல் போன் செய்தார். கூட்டத்தில் கேள்வி வரும், பதில் தயாராக வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

"அன்னிக்கு ஆடி வெள்ளி அம்மிணி. அம்மனுக்கு ஆறு லிட்டர் கேன்ல இருந்து மோந்து குடுத்தோம். அதக் கழிச்சியா?"

நம் ஊர் வழக்கம் அது. ஆடி வெள்ளிக்கு அபிசேகப் பாலை யாரும் தனியாகக் கொடுப்பதில்லை. ஊர்ப்பால் எல்லாம் கலந்ததில் இருந்துதான் அம்மனுக்கு எடுக்க வேண்டும். யார் பால் என்று பேர் இருக்கக்கூடாதாம். பூசாரி வந்து நிற்கும் நேரத்தில், ஏற்கெனவே நிறைந்து ஓரமாக இருக்கும் முதல் கேனில் இருந்து மொண்டு கொடுத்துவிட்டு, பட்டியலில் அடுத்த வரியிலேயே "அம்மன்" என்று போட்டுக் கழித்தல் குறியோடு எழுதுவார்கள்.

"கழிக்காம இருப்பனுங்களா? இருபத்தாறாவது வரி, கழித்தல் ஆறு. அப்படியே ஏத்தியிருக்கறேன்" என்றேன் திமிராக. போனை வைத்துவிட்டு, எதற்கும் ஒரு தடவை பார்க்கலாம் என்று திறந்தேன்.

இருபத்து நான்கு, இருபத்தைந்து வரிகளை விட இருபத்தாறாவது வரியில் மொத்தம் குறைவாக இருந்தது.

முதலில் உறைக்கவில்லை. டீ குடித்தேன். இரண்டு சொசைட்டி பில் அடித்தேன். அப்புறம்தான் புரிந்தது. பாதியைத் தூக்கி எறிவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பட்டியல் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒரு இடத்தில்கூட இறங்கக்கூடாது. இதைத்தான் கோயமுத்தூர்க்காரர்கள் முதலில் கேட்டார்கள். நான் முழித்தேன், அதனால்தான் வேலை கிடைக்கவில்லை. ஐம்பத்தொன்றில் நடு வரி எது? இருபத்தாறு. ஒவ்வொரு தேடலிலும் முதல் அடியே அம்மன் வரியில்தான் விழுந்திருக்கிறது. அங்கே ஆறு லிட்டர் பள்ளம். பள்ளத்தைப் பார்த்துவிட்டு, மேலே உள்ளதெல்லாம் இதைவிடக் குறைவு என்று நினைத்து, மேல் பாதியைப் பார்க்காமலே எறிந்திருக்கிறது.

வித்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒவ்வொரு துண்டாகக் கூட்டவிட்டேன். ஆயிரத்து முந்நூற்று இருபத்தாறும்.

19 முதல் 24 வரை. 5.20, 7.45, 4.80, 9.10, 6.35, 5.85.

மொத்தம் 38.75. வித்தியாசம் ஒன்றுமில்லை. ஒரு சொட்டுகூட இல்லை.

ஜூன் 18, புதன்

பேப்பரில், கையால், பத்து தடவை கூட்டினேன்.

ஜூன் 19, வியாழன்

நேற்று முழுக்க ஒரே யோசனை. யாருக்கும் தெரியாது. மேடத்துக்குத் தெரியாது, கதிர்வேலுக்குச் சொன்னாலும் புரியாது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளை மெம்பரில் இருந்தே தூக்கிவிடுவார்கள். தூக்கட்டுமே. அப்பாவைச் சொன்ன வாய்தானே அது? இந்தக் கேன் இல்லாவிட்டால் அந்த வாய்க்காகவாவது படட்டும். நானே இப்படி எழுதுகிறேன், படிக்க எனக்கே பயமாக இருக்கிறது.

ஆனாலும் ராக்கியண்ணனுக்கு எவ்வளவு தெரியும் என்று தெரிந்தாக வேண்டும். சாயங்காலம் பஸ் இறங்கி நேராக அவர் தோட்டத்துக்குப் போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். செல்லாத்தா அத்தை என்னைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இன்னும் என்ன வேணும்?" என்றார் ராக்கியண்ணன் நிமிராமலே.

"அன்னிக்கு என்ற அப்பாதான்னு எப்படிச் சொன்னீங்க? உங்களுக்கு என்ன தெரியும்?"

அரிவாளைக் கீழே வைத்தார். "கேன் மூடியத் தொறந்து குடுத்தது நானு. மூக்கு எனக்கு நெம்ப நல்லா இருக்குது. பழைய பாலு, புளிப்பு அமுங்கோணும்னு சோடாவப் போட்டிருந்துச்சு. சின்னப் புள்ள, தெரியாமப் பண்ணிப்போட்டா, கூட்டத்துல கரைஞ்சு போயிரும்னு ஊத்தச் சொல்லிட்டேன். என்ற புத்தியச் செருப்புலதான் அடிக்கோணும்."

அரிவாளை எடுத்து மறுபடி வெட்டத் தொடங்கினார்.

"மத்தியானம் கேன் திரும்பி வந்துருச்சு. உன்ற அப்பங்கிட்டப் போயிச் சொன்னேன். என்ற காலைப் புடிச்சான். எங்களுக்குள்ள எத்தன சண்டை நடந்திருக்கும், ஒரு நாளு தலை வணங்குனவனில்ல. பொண்ணு பேரு வேண்டாம், ஆவணியில நிச்சயம், என்ற பேரச் சொல்லிரு மாப்ளன்னான். சொன்னேன். கெணத்து மேட்டு வரப்ப எனக்கு உட்டுக் குடுத்தான், அதையும் வாங்கிட்டேன். நான் ஒண்ணும் நல்லவனில்ல."

"அப்பறம் ஏன் இப்பப் பேசாம இருக்கறீங்க?"

"வாங்கித் தின்னுட்டு வாயத் தொறக்கறதா? போ, இருட்டறக்குள்ள ஊட்டுக்குப் போ."

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். எழுதிவிடுகிறேன். முந்தின நாள் சாயங்காலம் நான் ஈரோட்டுக்குப் போயிருந்தேன், அவரைப் பார்க்க, நிச்சயம் ஆகப்போகிறவரை. பஸ் தவறி லேட்டாக வந்தேன். சாயங்காலப் பால் ஊற்றவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல், படுத்திருந்தார். காலையில் பால் லேசாக வாடை அடித்தது. கொட்டினால் ஏன் என்று கேட்பார். சோடா உப்பு ஒரு ஸ்பூன். ஒரே ஒரு ஸ்பூன். காலைப் பாலோடு கலந்தேன். கேனை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்பது லிட்டர் பத்து.

ஆறு வருசமாக ஒரு ஸ்பூனால் ஒரு கேன் கெடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு எவனோ போட்டிருப்பான், அவன்தான் ராக்கியண்ணன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தெரியாது என்றும்.

ஜூன் 22, ஞாயிறு

சொசைட்டி வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அறுபது பேர் இருக்கும். ராக்கியண்ணன் முன் வரிசையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா மெம்பர் இல்லை, இருந்தாலும் வந்து புளியமரத்தடியில் நின்றார். மேடத்துக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் அம்மிணி என்று காபி வேறு கொடுத்தார்கள்.

கதிர்வேல் கடிதத்தைப் படித்தார். "ராக்கியண்ண மாமா, சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப நீக்கறதுக்குச் சம்மதம்னா கையத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. அவரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள் எல்லாம் தூக்கினார்கள். ஆறு வருசம் நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி. இதோ கிடைத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

எழுந்தேன். "அந்தக் காகிதம் தப்புங்க" என்றேன். மேடம் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறினேன். அம்மன் பாலைச் சொன்னேன், பள்ளத்தைச் சொன்னேன், பாதியைப் பார்க்காமலே எறிந்ததைச் சொன்னேன். பாதிப் பேருக்குப் புரியவில்லை. ஒருவன், "இதுக்குத்தான் கம்ப்யூட்டரா?" என்று சிரித்தான். சரியான ஆறு பேரைப் படித்தேன். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. நான்காவது பெயருக்கு வந்தேன்.

"சென்னியப்பன், ஒன்பது புள்ளி பத்து. அந்தக் கேனத் தூக்கிட்டு வந்தது எங்கப்பா இல்லீங்க. நானு. சோடா உப்புப் போட்டதும் நான்தான். அவருக்குக் காய்ச்சல். ராக்கியண்ண மாமா என்னயக் காட்டிக் குடுக்காம இருந்தாரு."

"உன்னய ஆருடி சொல்லச் சொன்னது!"

அப்பாவின் குரல். என் ஆயுசில் அவர் என்னை 'டி' போட்டுப் பேசியதில்லை. புளியமரத்தடியில் இருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராக்கியண்ணன் எழுந்து அவரைத் தோளோடு பிடித்து நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "ஒம்பது நாளா என்ற பாலு வாய்க்கால்ல போச்சு, அத ஆரு குடுப்பா?" என்று கேட்டார். மன்னித்துவிடுங்கள் மாமா என்றேன். அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

ராக்கியண்ணன் பாலை எடுப்பதென்றும், அப்பாவின் அட்டையைத் திரும்பக் கொடுப்பதென்றும் தீர்மானம் போட்டார்கள். கலைந்து போகும்போது இரண்டு பெண்கள் என்னைத் தாண்டிக் காறித் துப்பினார்கள். அது எனக்கு வர வேண்டியதுதான்.

ஜூன் 23, திங்கள்

நேற்றிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. காலையில் குளித்து, புடவை கட்டி, தலை வாரிவிட்டு, போகவா வேண்டாமா என்று வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். மேடம் போனில் சொல்லிவிட்டார்: வேலை போகாது, விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஆனால் எல்லாரும் பேசுவார்கள், அதற்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாதாம்.

அப்பா மண்டபத்தில் இருந்து வந்து செருப்பைக் கழற்றினார். நான் இட்லி வைத்தேன். தலை நிமிராமல் சாப்பிட்டார். மூன்றாவது இட்லியில் கை நின்றது.

"ஆறு வருசமா இந்த ஊர்ல ஒருத்தன் உன்னய ஒரு வார்த்த சொன்னதில்ல. அது ஒண்ணுதான் உனக்குன்னு நான் சேத்து வெச்சது. அஞ்சு நிமிசத்துல ஊத்திட்டு வந்துட்ட."

"தெரியுமுங்கப்பா."

"எனக்கு ஆத்தரம் இன்னும் போகல."

"போக வேண்டாமுங்க."

கையைக் கழுவிவிட்டு வந்தார். "வேலைக்குப் போலயா?"

"எப்படிப் போறதுங்கப்பா, எல்லாரும் பாப்பாங்க."

"பாப்பாங்க. பஸ்ல சிரிப்பாங்க, டீக்கடையில பேர் சொல்லிக் கூப்புடுவாங்க. எட்டு மாசம் கழிச்சுக் கொஞ்சம் கொறையும்." கட்டிலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தலையக் குனிஞ்சுட்டு மட்டும் போயிராத. நான் குனிஞ்சுட்டுப் போனவன். குனிஞ்சா இன்னும் எச்சாப் பேசுவாங்க."

எட்டேகால் பஸ்ஸுக்கு நடந்தேன்.